இலங்கைக் கடற்கரையில் வேக்போர்டிங் செய்ய எந்த மாதம் ஏற்றது?

வேக்போர்டிங் என்பது, கால்களைக் குறும்பலகையொன்றில் பிணைத்துக்கொண்டு, விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, அப்படகு பின்னால் எழுப்பும் அலையின் மீது சறுக்கும் விளையாட்டு. பலகை சீராக ஓடுவதற்குத் தண்ணீர் தட்டையாக இருக்க வேண்டும்; எனவே பயணத்தின் மாதத்தை முடிவு செய்ய வேண்டியது வெயிலோ விடுமுறையோ அல்ல, காற்றுதான்.

மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளைக் கொந்தளிக்கச் செய்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று கிழக்குக் கரையில் அதையே செய்கிறது. வீட்டின் ஒரு பக்கம் சாரல் அடிக்கையில் மறுபக்கத் திண்ணை நனையாதிருப்பதைப் போல, காற்றுக்கு முதுகு காட்டிய கரையில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டைக்கும், மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை, பாசிக்குடா பக்கமும் செல்வது பொருத்தம். பெந்தோட்டையில் இவ்விளையாட்டு பெரும்பாலும் திறந்த கடலில் அல்லாமல், மணல்திட்டு மறைத்த ஆற்று முகத்துவாரத்தில் நடப்பது கூடுதல் சாதகம். காற்று எழும் முன், காலையிலேயே இறங்கிவிடுவது இன்னும் நல்லது. இடிமழையும் வங்கக்கடல் புயலும் குறுக்கிடக்கூடிய அக்டோபர், நவம்பர் மாதங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடலலை பெரிதாக இருந்தால் வேக்போர்டிங் சிறக்கும் என்று பலர் எண்ணுவது, அதை அலைச்சறுக்குடன் குழப்பிக்கொள்வதால்தான். அலைச்சறுக்குவோர் அறுகம்குடாவில் தேடும் அலை இதற்கு வேண்டியதில்லை, வேண்டிய அலையைப் படகே எழுப்பிவிடுகிறது.