எடை பார்த்தபோது 64 கிலோ, ரிங்கில் 72 கிலோ: கேள்வி பதில்

மாஸ்டர், குத்துச்சண்டையில் முந்தின நாள் தராசில் 64 கிலோ காட்டியவர் மறுநாள் 72 கிலோவில் வந்து நிற்க முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. 2000 பிப்ரவரி, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். ஆர்ட்டுரோ கட்டிக்கும் ஜோயி கமாஷுக்கும் சண்டை; ஒப்பந்த எடை 141 பவுண்டு, அதாவது சுமார் 64 கிலோ. சண்டை அன்று அதை ஒளிபரப்பிய எச்.பி.ஓ. டிவி தன் தராசில் ஏற்றிப் பார்த்தது. கமாஷ் 145, கட்டி 160 பவுண்டு, 72 கிலோவுக்கும் மேல்! இரண்டாவது ரவுண்டிலேயே கமாஷ் விழுந்தார். அதற்குப் பிறகு அவர் ரிங் ஏறவே இல்லை. கட்டி முந்தின நாள் நிஜமாகவே 141-தான் இருந்தாரா என்ற சந்தேகம் கோர்ட் வரை போனது. எடை பார்த்ததில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் அலட்சியமாக இருந்தது என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. கமாஷுக்கு இழப்பீடு மட்டும் கிடைக்கவில்லை.

ஒரே நாளில் அவ்வளவு எடை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் தண்ணீர்தான். சாப்பிட்ட மாவுச்சத்தைத் தசை கிளைகோஜனாகச் சேமிக்கும்; அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, ரொட்டியை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். உப்பைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம். கடைசி நாளில் ரப்பர் ஜாக்கெட், சுடுதண்ணீர்க் குளியல். அப்புறமும் 200 கிராம் நின்றால் சூயிங் கம் மென்று மென்று பாட்டிலில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். தராசை விட்டு இறங்கியதும் இதே கணக்கு தலைகீழாக நடக்கும்.

அப்படியென்றால் அதிகம் ஏற்றிக்கொண்டு வருகிறவர்தானே ஜெயிப்பார்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2008 டிசம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயா, மேனி பக்கியாவோ சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். டி லா ஹோயா 154, 160 பவுண்டுப் பிரிவுகளில் ஆடியவர். 147-க்கு இறங்கி வந்து தராசில் 145 காட்டினார். பக்கியாவோ கீழ்ப் பிரிவுகளிலிருந்து ஏறி வந்தவர், 142. சண்டை அன்று இரவு? டி லா ஹோயா 147, பக்கியாவோ 148.5. 'சின்ன' ஆள்தான் கனமாக இருந்தார்! டி லா ஹோயாவுக்குக் கால் நகரவில்லை, கை பதில் சொல்லவில்லை. எட்டாவது ரவுண்டோடு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார், அடுத்த ரவுண்டுக்கு எழவில்லை. எவ்வளவு ஏறினான் என்பதை விட எப்படி இறங்கினான் என்பதைத்தான் நான் பார்ப்பேன். தண்ணீர் ஒரு நாளில் திரும்பிவிடும். வாரக்கணக்கில் பட்டினி போட்டுக் கரைத்த தசை திரும்பாது.

தலைக்கு ஆபத்து உண்டா சார்?

உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு காய்ந்தால் மூளையைச் சுற்றியுள்ள திரவமும் பாதிக்கப்படலாம், ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடலாம் என்பது மருத்துவர்களின் கவலை. மனிதர்களை அடித்துப் பார்த்து இதைச் சோதிக்க முடியாது.

எடை பார்த்த பிறகு இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்கிற ரீஹைட்ரேஷன் நிபந்தனை நல்லதுதானே?

பாதி நல்லது. உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப்.-இன் பட்டச் சண்டைகளில் பல வருடம் மறுநாள் காலை மறுபடி எடை பார்த்தார்கள். வரம்புக்கு மேல் 10 பவுண்டு வரைதான் அனுமதி இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் தன் உடம்புக்கு ஏற்ற பிரிவுக்கு மாறினால் நல்லது. ஆனால் ஏற்கெனவே வற்றிப்போய் நிற்பவரைப் பார்த்து "அதிகம் குடிக்காதே" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2025 ஏப்ரலில் கிறிஸ் யூபாங்க் ஜூனியர் கானர் பென்னுடன் மோதியபோது 160 பவுண்டு எடை வரம்பைத் துளியளவு, 0.05 பவுண்டு, தாண்டியதற்கு 3,75,000 பிரிட்டிஷ் பவுண்டு அபராதம். மறுநாள் காலை 170-க்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. பாயிண்டில் ஜெயித்தார், ஆனால் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

டிரிப் ஏற்றிக்கொள்ளலாமா?

கூடாது. ஊக்கமருந்துத் தடை விதிப்படி, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ஏற்றினால் குற்றம்.

என் மகனுக்கு 16 வயது. 3 கிலோ இறக்கச் சொல்கிறார்கள். மேரி கோம் 2018-ல் போலந்தில் நாலு மணி நேரத்தில் 2 கிலோ இறக்கித் தங்கம் வாங்கினாரே?

வாங்கினார் அம்மா. அப்போது அவருக்கு 35 வயது, தன் உடம்பை அத்தனை வருடம் படித்தவர். உங்கள் பையன் இன்னும் வளர்கிறான். அதுவும் அமெச்சூர் போட்டியில் காலையில் எடை, அன்றைக்கே சண்டை. ஜெயித்தால் அடுத்த சண்டைக்கு மறுபடி தராசு. ஏற்றிக்கொள்ள நேரமே கிடைக்காது. மேல் பிரிவிலேயே ஆடட்டும். கோச் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், போட்டிக்கு முன் ஒரு விளையாட்டு மருத்துவரிடம் பையனையும் கோச்சையும் சேர்த்தே கூட்டிப்போங்கள்.