சிலந்தி சாப்பிடவில்லை, காசு திரும்ப வருமா?

சிவப்பு முழங்கால் டாரண்டுலா ஒன்று மகளுக்கு வாங்கினோம். புதுத் தொட்டிக்கு மாற்றிப் பன்னிரண்டு நாள். ஒன்றும் தின்னவில்லை, கண்ணாடியில் ஏறிக்கொண்டே நிற்கிறது. 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமாமே? – ஹாரோ வாசகி

பழுதிருந்தால் கொடுக்கலாம். இங்கே பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் கண்ணுக்குச் சிலந்தியும் ஒரு பொருள்தான், பழுதென்றால் 30 நாளுக்குள் கடைக்காரரிடம் முழுக்காசும் கேட்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் பழுது எங்கே இருக்கிறது? வீடு மாறிய டாரண்டுலா முதல் சில நாள் காலுக்குக் கீழே உள்ள புது மண்ணை நம்பாது, அதனால் சுவரில் ஏறி நிற்கும், மூலையில் ஒடுங்கும், சாப்பாட்டைத் தொடாது. சிலது கிழமைக்கணக்கில் பட்டினி கிடக்கும். சட்டை, அதாவது பழைய தோலை, கழற்றப் போகிறதென்றால் இன்னும் கூட. தண்ணீர்ச் சட்டியை நிரப்பிவிட்டு விட்டுவிடுங்கள். கிழமைக்கு ஒரு பூச்சி போடுங்கள், தின்னாவிட்டால் மறுநாள் காலை வெளியே எடுத்துவிடுங்கள். எட்டுக் காலும் வயிற்றுக்கு அடியில் சுருண்டு போனால்தான் பயப்பட வேண்டும். தினமும் தொட்டியைத் தட்டிப் பார்க்கிறீர்கள்தானே? அதை நிறுத்தச் சொல்லுங்கள், மகளையும் சேர்த்து.

சிலந்தி மல்லாந்து கிடக்கிறது. செத்ததைக் கடைக்குக் கொண்டுபோனால் காசு தருவார்களா? – ஈஸ்ட் ஹாம்

தொடாதீர்கள். சட்டை கழற்றுகிறது.

அண்ணை, 'பெண், 20 வருடம் வாழும்' என்று இணையத்தில் போட்டிருந்த ஒருவரிடம் 90 பவுணுக்கு வாங்கினேன். முன்னங்காலில் கொக்கி இருக்கிறது. நண்பன் இது ஆண் என்கிறான். – குரொய்டன் மாணவர்

நண்பன் சொல்வது சரி, தம்பி. முன்னங்காலில் கொக்கியும் வாய்ப்பக்கம் இருக்கும் இரண்டு சிறு கால்களின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறை மாதிரி வீக்கமும் இருந்தால், அது வயதுக்கு வந்த ஆண். அதற்குப் பிறகு பெரும்பாலும் ஓராண்டுதான் வாழும், கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் அவசரமாகத் தள்ளிவிடுகிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். செல்லம்மா என்று பேர் வைத்து, பெரிய தொட்டி வாங்கி, நாலாம் மாதம் செல்லம்மாவை ஒரு செருப்புப் பெட்டியில் புதைத்தேன். உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. தனி ஆள் விற்றாலும் பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும், அந்தப் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது. விளம்பரத்தை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார். காசைத் திருப்பித் தர 14 நாள் தவணை கொடுத்து எழுதுங்கள், மறுத்தால் சிறு உரிமைக் கோரல் வழக்கு இருக்கிறது. அடுத்தமுறை, அது கடைசியாகக் கழற்றிய சட்டையைக் கேளுங்கள். வயதுக்கு வராத சிலந்தி என்றாலும் அதன் உட்புறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியும். சட்டையும் காட்டாமல் பெண் என்று விற்பவரிடம் பெண்ணுக்குரிய விலை கொடுக்காதீர்கள்.

எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய தொட்டியில் வெடிப்பு. வரும்போதே இருந்தது. பற்றுச்சீட்டு இல்லை, படம் எடுக்கவில்லை. – லூட்டன்

எட்டு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஆறு மாதம் தாண்டினால் வாங்கும்போதே பழுது இருந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பசைநாடா ஒட்டுங்கள்.

சூட்டுப்பாய், விளக்கு, வலைமூடி எல்லாம் சேர்ந்த முழுப் பெட்டி 120 பவுண். தொடக்கக்காரருக்கு நல்லதா? – ரெடிங்

இந்தக் கடிதத்துக்காகத்தான் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். சூட்டுப்பாயை அடியில் வைக்கச் சொல்வார்கள். இந்தச் சிலந்திக்குச் சுட்டால் அது நிலத்தைத் தோண்டிக் கீழே போகும், கீழே போனால் இன்னும் சூடு, பாவம் அது எங்கே போகும்? நாம் இருக்கும் அறையின் சூடே சிவப்பு முழங்காலுக்குப் பெரும்பாலும் போதும். விளக்கு வேண்டாம், அது வெளிச்சத்தைக் கண்டால் ஒளிகிற பிராணி. வலைமூடியில் நடக்கும்போது கால்நகம் கம்பியில் மாட்டிக்கொள்ளும், தொங்கி, காலை இழந்த சிலந்திகள் உண்டு. தண்ணீர்ச் சட்டிக்குள் வைக்கும் பஞ்சு கிருமிக்கு வீடு. எல்லாவற்றையும் விட மோசம் பெட்டியின் உயரம்: படத்தில் அழகாக இருக்கும், ஆனால் நிலத்தில் வாழும் கனத்த சிலந்தி ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் சாகக்கூடும். அப்படி ஓர் உயரமான தொட்டியில் 75 பவுணைக் கொட்டினேன், இப்போது அதில் கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது, அதுவும் சுகமாக இல்லை. காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டி, பாதிக்கு மேல் தேங்காய்த் தும்புத்தூள், ஒளிய ஒரு மரப்பட்டை, ஒரு சோடா மூடியில் தண்ணீர். அவ்வளவுதான் செலவு. இணையத்தில் ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். மண்ணைப் போட்டு அழுக்காக்கிவிட்டு அனுப்பாதீர்கள், விலையைக் குறைப்பார்கள்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். இலங்கையில், மாங்குளத்தில் பெரிய சிலந்தி ஒன்று கண்டுபிடித்தார்களாமே, ஒன்று கொண்டுவரலாமா? – வெம்பிளி

கண்டுபிடித்தார்கள், பொயிசிலோதீரியா ராஜாய் என்று 2012 கடைசியில் பேரும் வைத்தார்கள், மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய வைத்தியர் விடுதியிலும் இருந்தது. போரில் மரமெல்லாம் போன இடத்தில் மிஞ்சியிருக்கிற மரத்துச் சிலந்தி அது. 2019இலிருந்து அந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் என்ற காட்டுயிர் வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் அதையும் பிடிப்பார்கள், உங்களையும் பிடிப்பார்கள். அந்தப் பேரினச் சிலந்தி கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் இருக்கக்கூடும். ஊரிலிருந்து கொண்டுவர ஏதாவது வேண்டுமென்றால் பனங்கட்டி கொண்டு வாருங்கள்.