ஃபோர் சீசன் டென்ட் (பனிக்காலத்தையும் தாங்கும் மலைக் கூடாரம்): உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்னையிலிருந்து: அண்ணா, பரணில் ரெண்டு வருஷம் கிடந்த டென்ட்டைப் பிரித்தால் மேல்துணியின் உட்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாந்தி நாற்றம் வேறு. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை தம்பி. தண்ணீர் இறங்காமல் இருக்க உள்ளே பூசியிருக்கும் பாலியூரித்தேன் சிதைந்துவிட்டது. ஈரமும் சூடும் சேர்ந்து நாள்பட நின்றால் அந்தப் பூச்சு மெல்ல உடைந்து பசையாகிவிடும். கடலோரப் புழுக்கம், தளத்துச் சூட்டை வாங்கும் பரண், இறுக்கித் திணித்த பை: மூன்றும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? லடாக் காற்றில் கிழிந்து என்னிடம் வந்த டென்ட்டுகளைவிட, நம் ஊர்ப் பரணில் செத்து வந்தவைதான் அதிகம்.

இதை இனி பனிமலைக்கு நம்பி எடுத்துப் போகாதீர்கள். அடுத்த டென்ட்டையாவது, ஊர் திரும்பிய அன்றே பிரித்து நிழலில் காயப் போடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். தையல் மடிப்பிலும் தரையின் மூலைகளிலும் ஈரம் ஒளிந்திருக்கும். இன்னும் ஒரு நாள் விடுங்கள். அப்புறம் பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். கூட வந்த சின்னப் பை பயணத்துக்கு மட்டும்.

கோவையிலிருந்து: அப்படியென்றால் சிலிக்கோன் பூசிய துணி வாங்கினால் கவலையில்லையா?

பாதிக் கவலை தீரும். ஹில்லபெர்க் கம்பெனி டென்ட்டுகளின் மேல்துணி மாதிரி இருபுறமும் சிலிக்கோன் பூசிய நைலான் இப்படிப் பிசுபிசுக்காது. ஆனால் அவற்றிலும் தரைத்துணி பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சுதான், அதனால் காயவைக்கும் வேலை அப்படியே இருக்கிறது. சிலிக்கோன் துணியில் சாதாரண ஒட்டு டேப்பும் பசையும் நிற்காது. தையலில் கசிந்தால் கசிவை அடைக்கும் சிலிக்கோன் சீலன்ட்தான் போட வேண்டும்.

மதுரையிலிருந்து: வாஷிங் மெஷினில் போடலாமா சார்?

வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, ஸ்பாஞ்ச். அது போதும்.

பெங்களூருவிலிருந்து: ஜிப்பை இழுத்தால் பின்னாலேயே பிரிந்துகொள்கிறது. ஜிப் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். பல்வரிசை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மணல் அரைத்து அரைத்து ஸ்லைடரின் வாய் அகன்றிருக்கும். பழைய டூத்பிரஷால் மணலைத் தட்டிவிட்டு, ஸ்லைடரின் இரு ஓரங்களையும் கொறடால் துளித்துளியாக அழுத்திப் பாருங்கள். பலமாக அழுத்தினால் உடைந்துவிடும். இது தற்காலிகம்தான், ஊருக்கு வந்ததும் பை தைப்பவரிடம் கொடுத்து ஸ்லைடரை மட்டும் மாற்றுங்கள்.

சேலத்திலிருந்து: காலையில் டென்ட் கம்பிகள் ஒன்றோடொன்று உறைந்து கழற்ற வரவில்லை. என்ன செய்வது?

முறுக்கி இழுக்காதீர்கள், அலுமினியக் குழாயின் வாய் பிளந்துகொள்ளும். இணைப்பைக் கையுறைக்குள் பொத்திச் சூடேற்றினால் பனிக்கட்டி விட்டுவிடும். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி இரு முனைக்கும் போங்கள், உள்ளே ஓடும் ரப்பர் கயிற்றின் இழுவை சமமாகப் பரவும். கம்பி உடைந்தால் மேலே மாட்டும் சின்னக் குழாய் ஒன்று டென்ட்டோடு வந்திருக்கும். அதைத் தேவையில்லை என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்!

திருச்சியிலிருந்து: பேஸ் கேம்பில் (மலையடி முகாமில்) டென்ட்டை மூன்று வாரம் கட்டியே வைக்கப் போகிறோம். பரவாயில்லையா?

வெயில்தான் கவலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், பனி அதைத் திருப்பி வேறு அடிக்கும். நைலான் அதில் மெல்ல இற்றுப்போகும். ஆள் இல்லாத நாட்களில் இறக்கி வையுங்கள், முடியாவிட்டால் மேலே பழைய துணி ஒன்றைப் போர்த்திக் கட்டுங்கள். பனியில் சாதாரண முளை நிற்காது. பையில் பனியை நிரப்பி, கயிறு கட்டி, குறுக்காகப் புதைத்து மிதித்துவிடுங்கள், இறுகிவிடும். புயலென்றாலும் மேல் காற்றுத்துளைகளை அடைக்க வேண்டாம். உள்ளே அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளையே முடித்துவிடும்.

ஈரோட்டிலிருந்து: முதல்முறையாக மணாலி பக்கம் ஃப்ரெண்ட்ஷிப் பீக் என்ற பனிச்சிகரம் ஏறப் போகிறேன். சொந்தமாக வாங்கிவிடட்டுமா அண்ணா?

வேண்டாம் தம்பி, கூட்டிப்போகும் குழுவே பெரும்பாலும் டென்ட் தந்துவிடும். கொடைக்கானலுக்கும் இந்த ஃபோர் சீசன் டென்ட்டே ஆகும் என்று கணக்குப் போடாதீர்கள். காற்றோட்டம் குறைவு, எடையும் அதிகம், வெயில் நாளில் உள்ளே வெந்துபோவீர்கள். அந்தப் பணத்தில் முதலில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.