பொங்கலுக்கு எல்லோரும் வருகிறார்கள். எனக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, வணக்கம்.

எனக்கு 38 வயது. பாளையங்கோட்டையில் தனியார் பள்ளி ஆசிரியை. என் கணவர் அவர் வீட்டில் கடைக்குட்டி. மாமியார் எங்களோடு இருப்பதால் பொங்கலுக்கு எல்லோரும் இங்கேதான் வருவார்கள். சென்னையிலிருந்து கணவரின் அண்ணனான அத்தான், அவர் மனைவியான அக்கா, அவர்கள் மகன். கோவையிலிருந்து கணவரின் அக்காவான மதினி, அவர் கணவர், மகன். எங்கள் ஐந்து பேரையும் சேர்த்தால் பதினோரு பேர். வீட்டில் மூன்று அறை, இரண்டு குளியலறை.

போன பொங்கலில், மறுநாளான கரிநாள் ராத்திரி, பிறந்த வீட்டுச் சீரான பொங்கப்படி குறைந்துவிட்டது என்று மதினி எல்லோர் முன்னாலும் சொன்னார். "நான் வந்த பிறகுதான் குறைஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டேன். அத்தை அழுதார்கள். என் கணவர் வாயே திறக்கவில்லை. மதினி மறுநாள் காலையில் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

இப்போது கார்த்திகை பிறந்ததிலிருந்தே நெஞ்சு படபடவென்று இருக்கிறது. போதாததற்கு, பெண் பிள்ளைகள் சின்னதாக வீடு கட்டி வைக்கிற சிறுவீட்டுப் பொங்கலையும் பேத்திக்கு அந்த நாட்களிலேயே வைக்க வேண்டும் என்கிறார்கள் அத்தை. இவர்கள் வராமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. அப்படி நினைப்பது தப்பா? இந்த வருஷமாவது சண்டையில்லாமல் கழிய என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

தப்பே இல்லை. பதினோரு பேருக்கான சமையல், படுக்கை, தண்ணீர், மரியாதை எல்லாவற்றையும் ஒருவர் மண்டையில் சுமந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உங்களுக்கு அவர்கள் மேல் வெறுப்பு என்று இதற்கு அர்த்தம் கிடையாது.

சண்டை வந்த நேரத்தைப் பாருங்கள். இரண்டு நாளாக விடியுமுன் எழுந்து வேலை, சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு நேரம் தவறியிருக்கும். தூக்கம் குறைந்தால் கோபத்தைப் பிடித்து நிறுத்தும் சக்தியும் குறையும். அந்த நிலையில் யார் செலவு, எவ்வளவு சீர், எப்போது ஊருக்குப் போவது என்று எதைப் பேசினாலும் வெடிக்கத்தான் செய்யும். கரிநாள் ராத்திரி பேசக்கூடிய விஷயங்களைக் கார்த்திகையிலேயே பேசி முடித்துவிடுவதுதான் உங்களுக்கான வழி.

பொங்கப்படியிலிருந்து ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். அது அண்ணன் தம்பி தங்கள் உடன்பிறந்தாளுக்குச் செய்கிற முறை. அதில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அவர் வாய் திறக்காததற்கும் காரணம் இருக்கும். அம்மா, அண்ணன், அக்கா மூவருக்கும் இளையவர், கூட்டத்தில் எதிர்த்துப் பேசிப் பழகியிருக்க மாட்டார். அதனால் அவரைக் கூட்டத்தில் பேசச் சொல்லாதீர்கள். இப்போதே தனியாகப் போனில் பேசட்டும். முதலில் அண்ணனிடம்: "அண்ணே, படி இவ்வளவுன்னு நாம ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிடுவோம். கரிநாளுக்குக் கறிச் செலவு ஒங்களுது, மளிகை காய்கறி நான் பாத்துக்கிடுதேன்." தொகை முடிவானதும் அக்காவிடமும் அவரே சொல்லட்டும். எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று மதினி வருத்தப்படலாம். அந்த வருத்தம் போனிலேயே வந்து போகட்டும். ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

அதே போனில் திரும்பும் டிக்கெட்டையும் கேட்டுவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால், கார்த்திகையில் அவர்களுக்கே தேதி தெரிந்திருக்கும். எத்தனை நாள் என்று தெரியாத விருந்துதான் மனதை அதிகம் அரிக்கும். நாலு இரவு என்று தெரிந்தாலே படபடப்பில் ஒரு பங்கு குறையும்.

சிறுவீட்டுப் பொங்கலைத் தையில் வேறொரு நாளுக்குத் தள்ளி வைப்பதும் வழக்கத்தில் உள்ளதுதான். "அத்தை, அது நம்ம பிள்ளைக்குத் தனியா நிதானமா வைக்கணும், கூட்டத்துல வேண்டாம்" என்று கேளுங்கள். மார்கழி முழுக்கப் பூசணிப்பூ வைத்த சாண உருண்டையைத் தட்டிக் காயவைக்கும் வேலையைப் பேத்தியும் ஆச்சியும் சேர்ந்து பார்க்கட்டும். வேலையைக் குறைக்கிறேன் என்று அத்தையை அடுப்படியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வயதான தாய்மார்களுக்கு அது இடத்தைப் பறிப்பது போல வலிக்கும். எது எது அவர்கள் கையாலேயே நடக்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். பெரும்பாலும் பானை வைப்பது, குழம்புக்குக் கூட்டுவது, படையல் என்று இரண்டு மூன்றுதான் சொல்வார்கள். அவற்றில் நீங்கள் கருத்துச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது வேலைக் கணக்கு. பொங்கலன்று இங்கே சூரியன் வர ஆறரை தாண்டிவிடும். பதினோரு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், இரண்டு குளியலறை என்றால் ஒரு மணி நேரம். ஐந்து மணிக்கு முதல் ஆள் குளித்தால் போதும். மூன்றரைக்கு நீங்கள் எழ வேண்டியதில்லை. ஆளுக்கு மூன்று வாளி என்றாலே ஐந்நூறு லிட்டர் தொட்டி காலியாகிவிடும். முந்தின ராத்திரி மோட்டார் போடுவதை ஒரு பையன் பெயரில் எழுதி ஒட்டுங்கள். பெயர் போடாத வேலை எப்படியும் உங்களிடம்தான் வந்து சேரும்.

சேனை, சேம்பு, பிடிகிழங்கெல்லாம் ஒரு வாரம் தாங்கும். விலை ஏறுமுன் வாங்கிவிடலாம். அவரையும் கத்தரியும் மட்டும் போகியன்று வாங்கினால் போதும். சிறுகிழங்கைக் கத்தியால் சுரண்ட உட்கார்ந்தால் உங்கள் பொழுது போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் போட்டு இரண்டு பேர் பிடித்துத் தேய்த்தால் மண்ணும் தோலும் பெரும்பாலும் போய்விடும். போகி சாயங்காலம் அத்தானும் பையன்களும் செய்யக்கூடிய வேலை இது. மாவுக்கு ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் போட்டால் பதினோரு பேரின் ஒருவேளைப் பலகாரம் தாராளமாக முடியும். கரிநாள் காலைக்கு மீந்த குழம்பும் கூட்டும் சுண்டக்கறியாகிவிடும். புதிதாக எதுவும் வைக்காதீர்கள்.

திட்டம் கெடுவது பெரும்பாலும் அதிகமாகத் திணிப்பதால்தான். காணும் பொங்கலன்று பதினோரு பேரும் வண்டி பிடித்து அருவிக்கோ அணைக்கோ போனால் நெரிசலில் நின்று எரிச்சலோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். பிள்ளைகளை ஆண்கள் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கோ (திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு) கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பார்க்கவோ கூட்டிப் போகட்டும். பெண்கள் வீட்டில் கதவைச் சாத்திப் படுங்கள். கரிநாள் மதியமும் ஒரு மணி நேரத் தூக்கம் கட்டாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சொல் வந்து விழலாம். அதற்கு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கி எழுதிய ஒரு முறை உதவும். "பொறுமையாக இருப்பேன்" என்று பொதுவாக முடிவெடுக்காமல், "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே பொருத்தி வைப்பது. கோபத்தில் யோசிக்கத் தேவையிருக்காது, முடிவு முன்பே தயாராக இருக்கும். உங்களுக்கு: மதினி சீர் பேச்சை எடுத்தால், "அதத் தம்பிகிட்டயே கேட்டுக்கிடுங்க மதினி" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன். உங்கள் கணவருக்கு: அவள் மாடிக்குப் போனால், நான் எழுந்து அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து பதில் சொல்வேன். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாடியில் இருபது நிமிடமாவது இருங்கள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தால் உடம்பு இன்னும் சண்டையில்தான் இருக்கும்.

மதினிக்கு நீங்களே ஒரு போன் போடலாம். பழைய பேச்சு வேண்டாம். பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் போதும்.

தூக்கமின்மையும் படபடப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ பொங்கல் கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள் எது மிஞ்சியது, எது பற்றவில்லை, எந்த நேரத்தில் பேச்சு தடித்தது என்று ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் போன் பேசுமுன் உங்கள் கணவர் அதைப் படிக்கட்டும்.