வீட்டுக் கடன் தவணை தவறுவோர் பெருகினால் வங்கி கவிழ்ந்துவிடுமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். வீடு விற்ற பணம் 4,00,000 டாலரை உள்ளூர் வங்கி ஒன்றில், என் ஒருத்தியின் பெயரில் போட்டிருக்கிறேன். வீட்டுக் கடன் தவணையைக் கட்டத் தவறுவோர் அதிகரிப்பதாகச் செய்தி வருகிறது. 2008 நிதி நெருக்கடி போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பணத்தை எடுத்துவிடலாமா?

பதில்: தவணை தவறுவது வேறு, வங்கிக்கு நஷ்டம் ஏற்படுவது வேறு. கடன் பாக்கியைவிட வீட்டின் விலை அதிகமாக இருக்கும்வரை, கடன் வாங்கியவர் கட்டாமல் போனாலும் வீட்டை விற்று வங்கி தன் பணத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடும். 2006-க்குப் பிறகு வீட்டு விலைகள் நாடெங்கும் சரிந்ததால்தான் அந்தப் பாதுகாப்பு உடைந்தது. அதோடு, வாஷிங்டன் மியூச்சுவல் போன்ற வங்கிகள், மாத வட்டியைக்கூட முழுதாகக் கட்டத் தேவையில்லாத கடன்களைத் தாராளமாகக் கொடுத்திருந்தன; கட்டாத வட்டி அசலில் சேர, வீட்டின் விலை இறங்க இறங்கக் கடன் ஏறிக்கொண்டே போனது. அமெரிக்க வங்கிகளில் 2005-இல் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்த தவணை தவறிய வீட்டுக் கடன்களின் விகிதம், 2010 தொடக்கத்தில் 11 சதவீதத்தைத் தாண்டியது.

இருப்பினும், அந்த ஆண்டுகளில் மூடப்பட்ட சிறு வங்கிகள் பலவற்றை, குறிப்பாக ஜார்ஜியா மாநிலத்தில், வீழ்த்தியவை மனை மேம்பாட்டுக்கும் கட்டுமானத்துக்கும் கொடுத்த கடன்களே. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்ததற்கும் வாராக் கடன் காரணமல்ல. வட்டி விகிதம் உயர்ந்ததால் அதன் கையிலிருந்த நீண்டகாலப் பத்திரங்கள் மதிப்பிழந்தன, டெபாசிட் காப்பீட்டு வரம்புக்கு மேல் பணம் வைத்திருந்த டெபாசிட்தாரர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுத்தார்கள். ஆகவே தவணை தவறும் விகிதத்தை மட்டும் வைத்து உங்கள் வங்கியை எடைபோட வேண்டாம்.

நான் கவலைப்படுவது உங்கள் கணக்கைப் பற்றித்தான். ஒரு வங்கியில் ஒருவர் பெயரிலுள்ள டெபாசிட்டுக்கு எஃப்டிஐசி (அமெரிக்க அரசின் டெபாசிட் காப்பீட்டு அமைப்பு) தரும் காப்பீடு, வட்டியும் சேர்த்து, 2,50,000 டாலர் மட்டுமே. உங்கள் பணத்தில் 1,50,000 டாலருக்குக் காப்பீடு இல்லை. 2008 ஜூலையில் இண்டிமேக் வங்கி மூடப்பட்டபோது, வரம்புக்கு மேல் வைத்திருந்த சுமார் 10,000 பேருக்கு அந்த உபரித் தொகையில் பாதிதான் முதலில் கிடைத்தது.

எனவே எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. வட்டி சேர்ந்தாலும் வரம்பைத் தாண்டாதபடி, 1,60,000 டாலரை வேறொரு வங்கிக்கு மாற்றுங்கள். அங்கே உங்களுக்கு வேறு கணக்கு இருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள். அல்லது, கணவருக்கும் உரிமை கொடுப்பதில் தடையில்லை என்றால், முழுத் தொகையையும் இருவர் பெயரில் கூட்டுக் கணக்காக்குங்கள்; அப்போது வரம்பு 5,00,000 டாலராகும். வைப்பு நிதியில் போட்டிருந்தால், முதிர்வுக்கு முன் எடுப்பதற்கான அபராதம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.