மதியக் காட்சிக்கு முதல் எதிரி வெளிச்சம்தான்

வணக்கம். குடியிருப்புச் சங்க அறையில் ஞாயிறு மதியம் பெரியவர்களுக்கு இலவசமாகப் படம் போடுகிறீர்கள், திரை வெளிறிப்போகிறது, பாதியிலேயே எழுந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம், விட்டுவிடாதீர்கள்.

புது புரொஜெக்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். முதலில் படத்தைச் சின்னதாக்குங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்பங்காகும், அதே விளக்கில் வெளிச்சம் நாலு மடங்கு கூடும். பத்தடிப் படம் மங்கலாகத் தெரிவதைவிட ஆறடிப் படம் பளிச்சென்று தெரிவது மேல். மதிய வெயில் மேற்கு ஜன்னல் வழியாகத்தான் வரும். அதனால் வெயில் திரையில் நேராக விழாதபடி, அதை மேற்குச் சுவரிலேயே மாட்டி, ஜன்னல்களைக் கெட்டியான கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் காது உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். வசனம் புரியாததால்கூட எழுந்து போயிருக்கலாம். ஒரு மணி நேரத்தில் இடைவேளை விட்டு, டீ கொடுங்கள்.

அப்புறம் அனுமதி. இலவசம் என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது. ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்குத்தான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பாடல், இசை உரிமை தனி. குறும்பட இயக்குநர்களிடம் நேரில் கேட்டுப் பாருங்கள், பலர் மகிழ்ச்சியோடு தருவார்கள்.