முந்திரி சீசன் முடிந்ததும் விமானம் ஏறட்டும்

கேள்வி: நான் பண்ருட்டிக்காரன். மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் டெச்சிமான் நகரத்தில், முந்திரிக்கொட்டையை வாங்கித் தூத்துக்குடிக்குக் கப்பலேற்றும் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பார்க்கிறேன். இங்கே எனக்குப் பழக்கமான 31 வயதுப் பெண் ஒருவர், 14 பெண்களை வேலைக்கு வைத்துச் சிறிய முந்திரி ஆலை நடத்துகிறார். பட்டதாரி. அமெரிக்க அரசு ஆப்பிரிக்க இளைஞர்களுக்குத் தரும் ஆறு வார ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறார். விண்ணப்பத்தை என்னையே எழுதித் தரச் சொல்கிறார். அவருக்கு மூன்று வயதில் குழந்தை இருக்கிறது. கணவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதற்கிடையில், 'உங்கள் இடம் உறுதியாகிவிட்டது, 400 டாலர் கட்டுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அவரைப் போகச் சொல்லலாமா? நான் எப்படி உதவுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கானா

பதில்: முதலில் அந்த 400 டாலரைப் பேசி முடித்துவிடுவோம். கட்ட வேண்டாம். விண்ணப்பிக்காதவருக்கு எப்படி இடம் உறுதியாகும்? அமெரிக்க அரசின் ஃபெலோஷிப்புகளுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. பிரிட்டனின் காமன்வெல்த் ஃபெலோஷிப்புக்கும் அப்படித்தான். அந்த எண்ணைத் தடை செய்யச் சொல்லுங்கள். அவருடைய பாஸ்போர்ட் நகலை யாருக்காவது அனுப்பியிருக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் சொல்வது மண்டேலா வாஷிங்டன் ஃபெலோஷிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஒபாமா காலத்தில், 2014-இல், 500 பேருடன் தொடங்கியது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளைச் சேர்ந்த 25 முதல் 35 வயது வரையிலானவர்களுக்கு, ஏதாவது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆறு வாரப் பயிற்சி. வழக்கமாக ஜூன், ஜூலை மாதங்களில் நடக்கும். கானாவில் முந்திரி வரத்து பிப்ரவரியில் சூடு பிடித்து ஜூன் வாக்கில் அடங்கிவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தேதி அவருக்குச் சாதகம். கொட்டை வாங்கிச் சேர்க்கும் மாதங்களில் ஆலையை விட்டுப் போக வேண்டியிருக்காது.

ஒன்றை மட்டும் அவர் தெளிவாகத் தெரிந்துகொள்ளட்டும். அது வேளாண் தொழிலுக்கென்று அமைந்த திட்டம் அல்ல. தொழில், குடிமைப் பணி, அரசு நிர்வாகம் என்று பிரிவுகள் உண்டு. அவர் தொழில் பிரிவில் போவார். பக்கத்து நாற்காலியில் செயலி தயாரிப்பவரும் தையற்கூடம் நடத்துபவரும் இருப்பார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதையும் அவர் தேர்ந்தெடுக்க முடியாது. கலிபோர்னியாவில் பாதாம் ஆலை பார்க்கலாம் என்று கனவு கண்டு, வேறெங்கோ வகுப்பறையில் தலைமைப் பண்பு பற்றி உரை கேட்டுக்கொண்டிருக்க நேரலாம். அதனால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முந்திரி உடைப்பதைப் பற்றி அங்கே யாரும் அவருக்குச் சொல்லித்தரப் போவதில்லை.

அவருடைய ஆலைக்கு என்ன குறை? உங்கள் கடிதத்தில் இது இல்லை. அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எனக்குத் தோன்றுகிற மூன்றைச் சொல்கிறேன்.

பருப்பு அதிகம் உடைகிறதா? 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு தேறும் என்று நீங்கள் வெட்டிப் பார்த்துக் குறித்துவைக்கிற அதே கொட்டை, அவர் ஆலையில் எத்தனை பவுண்டு தருகிறது? அதில் முழுப்பருப்பு எவ்வளவு, இரண்டாகப் பிளந்தது எவ்வளவு? டபிள்யூ 320 என்று தரம் பிரித்த முழுப்பருப்புக்கும் உடைந்த துண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில்தான் சிறிய ஆலை வாழ்வதும் மூடுவதும். குறை இதுதான் என்றால் அமெரிக்கா எதற்கு? பண்ருட்டிக்காரரான உங்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று எனக்கு வியப்புதான். கொட்டையை அவிப்பது, உலர்த்துவது, உடைப்பது, தோலுரிப்பது, தரம் பிரிப்பது எல்லாவற்றையும் கை பழகப் பார்க்க உங்கள் ஊரைவிட நல்ல இடம் எது? இந்திய அரசின் 'ஐடெக்' திட்டம் 1964 முதல் இருக்கிறது. ஆப்பிரிக்க நாட்டவருக்குக் குறுகிய காலப் பயிற்சி; விமானக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் இந்தியாவே தருகிறது. அக்ராவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வேளாண் வணிகம், உணவு பதப்படுத்துதல் என்ற தலைப்புகளில் வகுப்புகள் வரும்போது பார்த்துக்கொள்ளட்டும். பயிற்சி முடிந்த கையோடு, விசா இடம் கொடுத்தால், நான்கு நாள் பண்ருட்டியில் ஓர் ஆலையில் நிற்க நீங்கள் ஏற்பாடு செய்து தரலாம்.

வெளிநாட்டில் வாங்குபவர் கிடைக்கவில்லையா? அப்படியானால் அமெரிக்கப் பயணத்துக்குப் பொருள் உண்டு. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே இறக்குமதி செய்பவர் தனக்கு விற்கும் வெளிநாட்டு ஆலை சுகாதாரமாக நடக்கிறதா என்று தாமே சரிபார்த்துப் பதிவேடு வைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் என்னென்ன கேட்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு வருவது நல்ல பாடம். இதற்கு மண்டேலா ஃபெலோஷிப்பைவிட அமெரிக்க வேளாண் துறையின் காக்ரன் ஃபெலோஷிப் பொருத்தமாக இருக்கும். 1984-இல் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான், பட்டம் கிடையாது, எந்த நாட்டுக்கு எந்தத் தலைப்பு என்பது ஆண்டுதோறும் மாறும். அமெரிக்க விளைபொருளுக்குச் சந்தை தேடுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. தெரிந்துகொண்டே போனால் அதில் தவறு ஒன்றும் இல்லை.

மூன்றாவது குறை, பணம். ஆண்டு முழுவதும் ஆலை ஓட வேண்டுமென்றால் மூன்று நான்கு மாதத்துக்குள் கொட்டையை ரொக்கத்துக்கு வாங்கிக் குவித்துவிட வேண்டும். அந்த மாதங்களில் உங்களைப் போன்றவர்கள் கையில் கட்டுக்கட்டாகப் பணத்துடன் தோட்டத்து வாசலில் நிற்கிறீர்கள். விலை ஏறுகிறது. அவர் பாதிக் கிடங்கோடு நின்றுவிடுகிறார். ஆகஸ்டில் ஆலை சும்மா கிடக்கிறது, அந்த 14 பெண்களும் வீட்டில் இருக்கிறார்கள். உலக முந்திரிக்கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் விளைந்தும், பெரும்பகுதி உடைபடாமலே வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறுவதற்கு இது முக்கியமான காரணம். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்கள் வேலை அது. ஆனால் அவருடைய குறை இதுதான் என்றால், எந்த ஃபெலோஷிப்பும் அதைத் தீர்க்காது. அவை பயணச் செலவு தரும், தங்க இடம் தரும். கொட்டை வாங்க முதல் தராது.

ஆப்பிரிக்கப் பெண் தொழில்முனைவோருக்குத் தேவையான கடனுக்கும் கிடைக்கும் கடனுக்கும் இடையே 4,200 கோடி டாலர் பள்ளம் இருப்பதாக ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி கணக்கிட்டிருக்கிறது. நிலப் பத்திரம் பெண் பெயரில் இல்லாதது அதற்குப் பெரிய காரணம். ஆனால் கானாவில் ஒரு வசதி இருக்கிறது. நிலம் இல்லாவிட்டாலும் இயந்திரம், கிடங்கிலுள்ள சரக்கு போன்றவற்றை ஈடாகக் காட்டலாம். அப்படிப்பட்ட ஈடுகளைப் பதிவு செய்யும் பதிவகத்தை அந்நாட்டு மத்திய வங்கி 2010 முதல் நடத்துகிறது. விமானம் ஏறுவதற்கு முன் அவர் டெச்சிமானிலேயே ஒரு வங்கி மேலாளரிடம் இதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

மற்ற ஃபெலோஷிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் போர்லாக் ஃபெலோஷிப் விஞ்ஞானிகளுக்கானது. அதே அரசின் ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் பத்து மாதம். ஆலையை யார் பார்ப்பது? நைரோபியிலிருந்து 2008 முதல் ஆப்பிரிக்கப் பெண் வேளாண் விஞ்ஞானிகளைக் கைதூக்கிவிடும் 'அவார்டு' அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஒவ்வொரு ஃபெலோவுக்கும் மூத்தவர் ஒருவர் வழிகாட்டுவார். ஃபெலோ இளையவர் ஒருவருக்கு வழிகாட்ட வேண்டும். ஆனால் அதுவும் ஆராய்ச்சியாளர்களுக்கே. காமன்வெல்த் தொழில்முறை ஃபெலோஷிப்பில் பிரிட்டனில் ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் ஒன்று அமைய வேண்டும். அமைந்தால் அருமையான வாய்ப்பு.

அமெரிக்க விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. 2025-இல் அங்கே வெளிநாட்டு உதவித் திட்டங்கள் பலவற்றில் கத்தி விழுந்தது. அந்த உதவிகளை வழங்கிவந்த யுஎஸ்எய்டு என்ற அரசு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். முந்தைய ஆண்டுகளில் போய்வந்தவர்கள் சொல்லும் தேதியையும் தொகையையும் நம்பிச் சீசனைத் திட்டமிட வேண்டாம். அக்ராவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் அந்த ஆண்டுக்கு என்ன அறிவித்திருக்கிறது என்பது மட்டுமே கணக்கு.

கணவருடைய மௌனத்துக்கு வருவோம். 'போனால் திரும்பமாட்டாள்' என்ற பயம் உள்ளே இருக்கலாம். இருந்தால் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்க அரசுப் பணத்தில் பரிமாற்ற விசாவில் போய்வருபவர், அங்கே குடியேறவோ வேலை விசா பெறவோ விரும்பினால், முதலில் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும். குழந்தையைப் பற்றி நீங்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறீர்களோ என்று தோன்றுகிறது. கூட அழைத்துப்போக முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தப் பகுதியின் போனோ மக்கள் தாய்வழிச் சமூகத்தவர். அவரும் அவர்களில் ஒருவர் என்றால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய், பெரியம்மா, சித்தி என்று ஒரு கூட்டமே இருக்கும். ஆறு வாரம் யாரிடம் விடுவது என்பதை அவர் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்.

இனி நீங்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்காதீர்கள் தம்பி. முதல் சுற்றில் தேறியவர்களைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு அழைப்பார்கள். காகிதத்தில் பேசியவர் ஒருவர், எதிரில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவரே எழுதட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள். 'பெண்களுக்கு அதிகாரமளிப்பேன்' என்று எழுதினால், எத்தனை பெண்களுக்கு, என்ன கூலி, ஆண்டில் எத்தனை மாதம் என்று கேளுங்கள். 'வேளாண்மையை மாற்றுவேன்' என்றால், போன சீசனில் எத்தனை மூட்டை வாங்கினீர்கள், எத்தனை கிலோ பருப்பு விற்றீர்கள், எங்கே நட்டம் வந்தது என்று கேளுங்கள். நட்டத்தை எழுதத் தயங்குவார், எழுதச் சொல்லுங்கள். எங்கே சறுக்கினோம் என்று தெரிந்தவரைத்தான் தேர்வாளர் நம்புவார்.

நீங்கள் எழுதித் தரவேண்டியது பரிந்துரைக் கடிதம். அவருடைய சரக்கையும் நாணயத்தையும் நேரில் பார்த்தவர் நீங்கள். அந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். ஆனால் அவர் உங்கள் முதலாளிக்குக் கொட்டை விற்பவர் அல்ல. அதே தோட்டங்களில் அதே கொட்டைக்காக எதிரே நிற்கும் போட்டியாளர். ஆகவே நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதுவதானால் முதலாளியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால், வெறும் வெள்ளைத்தாளில் உங்கள் சொந்தப் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.